திறந்தவெளிக்கு நாலு தட்டி

படம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காகிதத்தில் கோடு நேராக விழுந்துவிட்டால், உலகத்திலும் எல்லாம் நேராகிவிட்டது என்று நம்பிவிடுவார்கள். ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஓர் அரசாங்க ஆபீஸில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தபோது, எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. மதகு, சிறுபாலம், வாய்க்கால் கரை என்று எதைச் சொன்னாலும் வரைந்து கொடுப்பேன். நான் வரைந்த பாலங்கள் எல்லாம் இன்னும் நிற்கின்றன. (கட்டியவர்கள் வேறு ஆட்கள்.) நானே வரைந்து நானே கட்டியது வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தை மாதம் எனக்குக் கல்யாணமாகி, கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடித்தனம் வைத்தோம். வீடு நல்ல வீடு. சமையல்கட்டு மட்டும்தான் மோசம். அதற்கு ஜன்னல் கிடையாது. புகை போவதற்கு என்று கூரை ஓடு ஒன்றைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் வழியாக மழை உள்ளே வந்தது. புகை வெளியே போகவில்லை. என் மனைவி லோகநாயகி காலையில் அடுப்பு மூட்டிவிட்டு வெளியே வந்தால் கண் இரண்டும் சிவந்து, மூக்கும் சிவந்து, யாரோ திட்டிவிட்ட மாதிரி நிற்பாள். தண்ணீர் எடுக்கப் போகும்போது தெருப் பெண்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள். புது மாப்பிள்ளை தினமும் பெண்டாட்டியை அழவைக்கிறான் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக என் மாமனார் வில்வண்டி கட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்தார். பெயர் ஏகாம்பரம். சவுக்கு ஏகாம்பரம் என்றால்தான் அந்தக் கடற்கரைப் பக்கம் தெரியும். சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி, கால்வாய்ப் படகுகளில் மெட்ராஸுக்கு விறகு அனுப்புகிற தொழில். ஆளும் தோப்பு மாதிரியே உயரமும் அகலமுமாக இருப்பார். அவர் குனிந்து எங்கள் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்திலேயே பின்பக்கமாக வெளியே வந்தார்.

"இன்னா மாப்ள, இது அடுப்பங்கரையா செங்க சூளையா? பொண்ணு கண்ணு கோவப்பழமா கீது!"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "விறகு கொஞ்சம் ஈரம் மாமா" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த விறகு அவரே வண்டியில் அனுப்பி வைத்த சீதனம் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

"என் கட்டையா ஈரம்? பட்டணத்துல பாதி வூட்ல எரியறது என் கட்டை மாப்ள. ஒருத்தன் பொகைன்னு சொன்னதில்ல, தெரிஞ்சிக்குங்க!"

வண்டி ஏறும்போது தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "ஆவணில மொத முகூர்த்தத்துக்கு நானே இட்டாறேன். அன்னிக்கு இந்த வூட்ல பொகையில்லாத அடுப்பு இருக்கணும். இருந்தா வுட்டுட்டுப் போறேன். இல்லேன்னா வந்த வண்டியிலயே திருப்பி இட்டுகினு போய்டுவேன். நீங்க நல்ல வூடா பாத்துகினு சொல்லி அனுப்புங்க."

அந்த நாளில் செங்கல்பட்டில் நல்ல சமையல்கட்டு இருந்த வீடுகளில் எல்லாம் என் மேலதிகாரிகள் குடியிருந்தார்கள். வண்டி தெருமுனை திரும்புகிற வரை லோகநாயகி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு மாதம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று மாலையே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவளுடைய இருமல் சத்தம்கூட வேண்டும் போலிருந்தது.

இந்த நிலையில்தான் ஜங்ஷனில் பக்கோடா வாங்கினேன். பக்கோடாவைக் கட்டிக் கொடுத்த காகிதம் ஏதோ ஒரு அமெரிக்கப் பத்திரிகையின் தாள். எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு படம். ஒரு துரை தன் வீட்டுப் பின்புறத்தில் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறான். செங்கல் மேடை, அதன் மேல் இரும்புக் கம்பித் தட்டு, கம்பியின் மேல் இறைச்சி, கீழே தணல். மேடையைச் சுற்றி பெஞ்சுகள், பெஞ்சில் அவன் குடும்பம். நான் பார்த்தது துரையையும் இல்லை, இறைச்சியையும் இல்லை. அவன் பெண்டாட்டியைத்தான் பார்த்தேன். (தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அடுப்புக்கு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த அம்மாளுக்குக் கண் சிவக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபீஸில் மதகு வேலையை ஓரமாக வைத்துவிட்டு, என் வீட்டுக் கொல்லைக்கு ஒரு பிளான் போட்டேன். நடுவில் செங்கல் மேடை. மேடையின் மேல் கம்பி அடுப்பு. சுற்றி நாலு கல் பெஞ்சு. அளவு, குறியீடு, வடக்கு காட்டும் அம்பு, எல்லாவற்றையும் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் "திறந்தவெளிச் சமையல் மற்றும் போஜன மேடை" என்று தலைப்பும் எழுதினேன். பக்கத்து மேஜை நடேசன் எட்டிப் பார்த்தான். எனக்கு இருந்த ஒரே சிநேகிதன். பாராட்டுகிற பழக்கம் மட்டும் கிடையாது.

"அம்பு எதுக்குப்பா?"

"வடக்கு."

"வடக்கு எங்கயும் போயிடாது. காத்து எங்கிருந்து வரும்னு போட்டியா?"

இந்த மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று பிளானைச் சுருட்டிக்கொண்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மாமனார் வீட்டில் கூப்பிட்டார்கள். பாலாறு கடலைத் தொடுகிற இடத்துக்குக் கிட்டே, மணலில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து புளியோதரையும் தயிர்ச்சாதமும் சாப்பிட்டோம். மணலுக்கு நடுவே கொஞ்சமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காற்று இலையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. பெரியவர்கள் ஆற்றுக்குப் பூப் போடப் போன சமயம் எனக்கும் லோகநாயகிக்கும் பேச இடம் கிடைத்தது. கண் இரண்டும் தெளிந்து, அவள் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தாள். அவளைப் பார்த்ததில் சந்தோஷம். இந்தக் கண்ணைத்தான் நான் அப்படி ஆக்கி வைத்திருந்தேன் என்பதில் வெட்கம். சட்டைக்குள்ளிருந்து பிளானை எடுத்து மணலில் விரித்து, நாலு மூலைக்கும் கிளிஞ்சல் வைத்தேன்.

"இன்னாங்க இது?"

"நம்ம சமையல்கட்டு."

"செவுரு எங்க?"

"செவுரே கிடையாது. அதான் விசேஷம்."

"மேல?"

"வானம்."

அவள் காகிதத்தில் இருந்த பெஞ்சு ஒன்றின் மேல் விரலை வைத்து, "நான் இங்க குந்திக்கறேன்" என்றாள். பெரியவர்கள் திரும்பி வருவது தெரிந்ததும் அவசரமாகச் சுருட்டி என் கையில் திணித்தாள். "இப்டியே இருக்கட்டுங்க. இதுல ஒண்ணும் சேக்காதீங்க."

சேர்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை மளமளவென்று நடந்தது. செங்கல்லுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. நடேசனும் நானும் ஞாயிற்றுக்கிழமையில் மேடை கட்டினோம். கம்பித் தட்டுக்குப் பட்டறைக்காரரிடம் போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னா சார், மதகுக்கு வெக்கறதா?" என்றார். சாப்பாட்டுக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அளவைக் குறித்துக்கொண்டார். தட்டு வந்து, மேடையில் உட்கார்ந்து, சுற்றிலும் பெஞ்சுக் கல்லும் போட்டாகிவிட்டது. பிளான் அப்படியே எழுந்து நின்றது. அந்த நிமிஷமே நான் கைகழுவிக்கொண்டு போய்ப் படுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கார சொர்ணம்மா எருமைக்குத் தண்ணீர் காட்ட வந்தவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார். தங்கமான மனசு. லோகநாயகி மேல் உயிர். அவள் ஊருக்குப் போனதிலிருந்து, "பொண்ணு எப்போ வருது தம்பி?" என்று தினமும் கேட்பவர்.

"தம்பி, இதுக்கு மேல இன்னா?"

"வானம்தாம்மா."

"வானம் சரி. காக்கா?" நான் யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்த முருங்கை மரத்தைக் காட்டினார். "காக்காவக்கூட வெரட்டிக்கலாம். அதுலேர்ந்து கம்பளிப்பூச்சி சோத்துல வுழுந்தா இன்னா பண்ணுவே?"

நியாயமான கேள்வி. நாலு மூங்கில் நட்டு ஓலைக் கூரை போட்டேன். சுற்றுப்புறம் எல்லாம் திறந்துதானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த நாள் சொர்ணம்மா மேற்கே பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தார். "ஏன் தம்பி, ஊரே எட்டிப் பாக்கறாப்பல குந்திகினு துன்னா ஒடம்புல ஒட்டுமா? அதுவும் புதுப் பொண்ணு. கண்ணு பட்டுடாது?"

மேற்கே ஒரு கீற்றுத் தட்டி.

தெற்கே எருமை கட்டியிருந்தது. அது சாப்பிடுகிறவர்களையே பார்க்கும். சமயத்தில் இலையை மோந்து பார்க்கவும் வரும் என்றார். தெற்கே ஒரு தட்டி. கிழக்கே ஒற்றையடிப் பாதை. அது கொல்லைக் கோடியில் இருந்த கக்கூஸுக்குப் போகிற வழி. மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது செம்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் நன்றாகவா இருக்கும்? கிழக்கேயும் ஒரு தட்டி.

நாலாவது தட்டியை யாரும் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்த மூளை. ஏரிக் காற்று வடக்குப் பக்கமாக உள்ளே புகுந்து, செங்கல் தூளை வாரி முகத்தில் அடித்தது. சமைக்கும்போது இப்படி அடித்தால் சாம்பல் எல்லாம் சாதத்தில் வந்து விழுமே? ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குச் சந்து விட்டு, வடக்கையும் அடைத்தேன். சொர்ணம்மா அந்தச் சந்துக்கு மாவிலைத் தோரணம் கட்டி, தன் பழைய புடவையைத் திரையாகவும் தொங்கவிட்டார்.

நடேசன் வந்தான். திரையை விலக்கித் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தான்.

"இன்னாப்பா, வூட்டுக்குப் பின்னால இன்னொரு வூடு கட்டிகினியா?"

"இது திறந்தவெளிச் சமையல் மேடை."

"தெறந்தது எங்க கீது?"

"பிளான்ல பாரு" என்றேன். கேலிக்குச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னேன். ஒவ்வொரு தட்டிக்கும் காரணம் சரியாக இருந்தது. காரணம் சரியாக இருந்தால் மொத்தமும் சரியாகத்தானே இருக்கும்? (அரசாங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும்.)

ஒரு தடவை பற்றவைத்துப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். சொர்ணம்மா விடவில்லை. லோகநாயகி கையால் பால் பொங்காமல் புது அடுப்பில் நெருப்பு வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, பரீட்சை பார்க்காத அடுப்போடு நான் ஆவணி முகூர்த்தத்துக்குக் காத்திருந்தேன்.

அன்று காலை வில்வண்டி வந்தது. மாமனார், மாமியார், லோகநாயகி. பின்னாலேயே கட்டை வண்டி ஒன்று நிறைய சவுக்கு விறகு. மாமனார் கையில் ஈரச் சாக்கு சுற்றிய கூடை. அதில் முந்தின நாள் சாயங்காலம் கரைக்கு வந்த சங்கரா மீன். மீனைப் பார்த்து சொர்ணம்மா முகம் சுளித்தார். பால் முதலில், மீன் பிறகு என்று ஒப்பந்தமானது.

நடேசனும் வந்திருந்தான். எல்லாரையும் கொல்லைக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொருவராக ஒருக்களித்து உள்ளே நுழைந்தோம். மாமனார் நுழையும்போது மட்டும் தட்டி கொஞ்சம் முனகியது. லோகநாயகி கடைசியாக வந்து, நடுவில் நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"வானம் எங்கங்க?"

"கூரைக்கு மேலதான் கீது" என்றேன்.

அவள் பாலாற்று மணலில் விரல் வைத்துக் காட்டிய அதே பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.

நான் கரி வாங்கி வைத்திருந்தேன். மாமனார் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, தன் விறகை அவரே அடுக்கினார். அடுக்கும்போது கட்டையின் வெட்டு வாயில் ஈரம் கசிவது எனக்குத் தெரிந்தது. வெட்டி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. ஆடி முதல் நாள் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்ததால், கம்மென்று இருந்தேன். சூடம் வைத்து லோகநாயகி பற்றவைத்தாள். மெல்லிசாகக் கிளம்பிய புகை கூரைக்குப் போய், அங்கே வழி இல்லை என்று தெரிந்துகொண்டு, எங்களிடமே திரும்பி வந்தது.

"கொஞ்சம் புகை வருது மாமா" என்றேன், ரொம்ப மரியாதையாக.

"பொகையா? எங்க பொகை?" மாமனாருடைய இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாரையாக ஓடி மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. "அது ஓலைத் தூசு மாப்ள."

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நடேசன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. லோகநாயகி பால் பானையைக் கம்பித் தட்டின் மேல் வைத்தாள். கிழக்கே பார்த்து எல்லாரும் கைகூப்பி நின்றோம். பால் பொங்கினால்தான் விசேஷம். எவ்வளவு பொங்கி வழிகிறதோ அவ்வளவு நல்லது. சொர்ணம்மா, "பொங்கட்டும், நல்லா பொங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே பானை நிறைய எருமைப் பாலை ஊற்றியிருந்தார்.

பொங்கியது. மண் அடுப்பாக இருந்தால், வழிகிற பால் பானையின் பக்கவாட்டில் இறங்கி அடுப்பின் தோளிலேயே காய்ந்துவிடும். என்னுடையது கம்பித் தட்டு. அத்தனை பாலும் கம்பிக்கு நடுவே நேராக நெருப்பில் போய் விழுந்தது. 'புஸ்' என்று ஒரு சத்தம். ஆவியும் சாம்பலும் தீய்ந்த பால் நாற்றமும் ஒன்றாகக் கிளம்பின. "பொங்கிடுச்சு!" என்று எல்லாரும் சந்தோஷமாகக் கத்திக்கொண்டே இருமினோம். எதிரே நிற்பவர் யார் என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் யாராவது திரையை விலக்கி வெளியே போயிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் சொர்ணம்மாவுக்கு விஷயம் வேறு மாதிரி புரிந்தது.

"எவளோ கண்ணு வெச்சிட்டா! இல்லேன்னா பால் பொங்கற நேரத்துல இம்மாம் பொகை வருமா? கண்ணு, நீங்க ரெண்டு பேரும் அப்டியே நில்லுங்க!"

முந்தானை முடிச்சில் எல்லாம் தயாராக இருந்தது: காய்ந்த மிளகாய் ஒரு பிடி, கல்லுப்பு, கடுகு. எங்கள் இருவரையும் சுற்றி, தூ தூ என்று துப்பச் சொல்லி, மொத்தத்தையும் அடுப்பில் போட்டார்.

திருஷ்டி இருந்தால் மிளகாய் எரியும்போது நெடி வராது என்பார்கள். அன்று வந்த நெடியை வைத்துப் பார்த்தால், எங்கள் மேல் இந்த உலகத்தில் ஒருவர் கண்ணும் படவில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

முதலில் நகர்ந்தவர் மாமனார். அடர்ந்த சவுக்குத் தோப்பில் கண்ணை மூடிக்கொண்டு வழி கண்டுபிடிப்பவர் என்று பெயர். அந்தப் பெயரை நம்பி, கண்ணை மூடிக்கொண்டே நேராக நடந்தார். அது வாசல் பக்கம் இல்லை, தெற்குப் பக்கம். தட்டியைக் கிழித்துக்கொண்டு அவர் போகவில்லை. தட்டியையே போட்டுக்கொண்டு போனார். கழுத்தில் தட்டியோடு நாலு அடி ஓடி, எருமையின் கழனித்தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். எருமைக்கு அதுவரை ஓலை உடுத்திய மனிதரைப் பார்த்துப் பழக்கமில்லை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு கிழக்குத் தட்டியின் வழியாகப் புறப்பட்டது. போகிற போக்கில் ஒரு மூங்கிலும் கூடப் போயிற்று.

"கூரை வருது! வெளிய வாங்க!" என்று நடேசன் கத்தினான். ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். ஏரிக் காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கி, மேற்குத் தட்டியையும் வடக்குத் தட்டியையும் சேர்த்துக்கொண்டு, முருங்கை மரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்தது. நடேசன் ஓடிப்போய், தீப்பொறி பட்டிருக்கப் போகிறது என்று அந்த ஓலைமேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். யாருக்கும் அடி இல்லை. சொர்ணம்மா மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து, "நல்ல திருஷ்டி தம்பி, பெரிய திருஷ்டி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமனார் தொட்டியிலிருந்து எழுந்தார். மீசையில் பருத்திக்கொட்டையும் தவிடும் ஒட்டியிருந்தன. என்னைப் பார்க்கவே இல்லை. வண்டி நின்ற திசையைப் பார்த்து, "லோகு, ஏறு வண்டில" என்றார்.

இதுவரை நான் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதமாக இந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருமலாவது கேட்காதா என்று ஏங்கிய வீட்டுக்கு வந்தவளை, வந்த ஒரு மணி நேரத்தில் கண்ணீரும் மூக்குமாக நானே திருப்பி அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

பதிலுக்கு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. லோகநாயகி தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லாரும் இழுத்துக்கொண்டு ஓடியதில் அவளை விட்டுவிட்டோம் போலிருக்கிறது. இல்லை, ஓடின வேகத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாளோ என்னவோ. கண் இரண்டும் கோவைப்பழம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, அண்ணாந்து பார்த்தாள்.

"வானம் வந்துடுச்சுங்க!"

நானும் பார்த்தேன். கூரை இல்லை, தட்டி இல்லை. நடுவில் செங்கல் மேடை, சுற்றி நாலு பெஞ்சு, மேலே ஆவணி மாத வானம். நான் போட்ட பிளான் அப்படியே இருந்தது. ஏரிக் காற்று பட்டதும் பச்சை விறகுகூட மடமடவென்று பிடித்துக்கொண்டு எரிந்தது. வந்த புகையைக் காற்று வாரிக்கொண்டு போய் ஊருக்கு அந்தப் பக்கம் விட்டது. அவள் எழுந்து தட்டில் ஒட்டியிருந்த பாலைத் துடைத்தாள். மீன் கூடையை இழுத்து, வீட்டுக்குள் போய் உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து தடவி, ஒவ்வொன்றாகக் கம்பியில் அடுக்கினாள்.

"லோகு, நான் இன்னா சொன்னேன்?"

"நைனா, நான் வர்ல. பொகை இல்லாத அடுப்பு இருந்தா வுட்டுட்டுப் போறேன்னு நீதானே சொன்ன? வந்து பாரு, பொகை எங்க கீது?"

அவர் வந்தார். சொட்டச் சொட்ட மேடையைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கையை மேலே நீட்டிப் பார்த்தார். தணல் செக்கச்செவேலென்று இருந்தது. அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. தோளை நிமிர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல மாப்ள? என் கட்டைக்குப் பொகையே வராது!"

"ஆமாம் மாமா" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

"நீ போய் குளிச்சிட்டு வா நைனா. அதுக்குள்ள மீன் வெந்துடும்" என்றாள் லோகநாயகி.

கிணற்றடியில் குளித்துவிட்டு, என் வேட்டியைக் கட்டிக்கொண்டு (அவருக்கு அது துண்டு மாதிரி இருந்தது) வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே தலைகள் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை கண்ணுக்கு நடுவில் நாங்கள் மீன் சாப்பிட்டோம். சொர்ணம்மாகூட இந்தத் தடவை மிளகாயைத் தேடவில்லை. மீனை மட்டும் தள்ளி வைத்துவிட்டு, திரும்பி வந்த எருமையோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வில்வண்டி இரண்டு பேரோடு சதுரங்கப்பட்டினம் திரும்பியது.

அந்த மேடையில் பல வருஷம் சமைத்தோம், சாப்பிட்டோம். மழை நாளில் மட்டும் நாலு காலில் ஒரு கூரை. சுற்றி ஒரு கீற்றுகூட கிடையாது. எங்கள் பிள்ளைகள் அந்தப் பெஞ்சில்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள். கம்பித் தட்டு பிறகு குடிபோன எல்லா வீட்டுக்கும் எங்களோடு வந்தது. இப்போது படூரில் மகன் ஃப்ளாட்டின் பால்கனியில் அதன் மேல் வடகம் காய்கிறது. குடும்பத்தில் யாராவது ஒரு நல்ல யோசனைக்கு மேல் இன்னொரு யோசனை சேர்க்க ஆரம்பித்தால், "தாத்தா, தட்டி கட்டுறாங்க!" என்று பேரப்பிள்ளைகள் கூவுவார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதிலிருந்து கார் வாங்குவது வரை, இந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நின்றுபோன காரியங்கள் நிறைய.

போன வருஷம் லோகநாயகிக்குக் கண் ஆபரேஷன். டாக்டர் சின்னப் பெண். பரிசோதித்துக்கொண்டே, "சின்ன வயசுல விறகடுப்புலதானே சமைச்சீங்கம்மா? புகையில ரொம்ப நாள் கஷ்டப்பட்டிருப்பீங்க" என்றாள்.

"எனக்கா? எங்கூட்டு அடுப்புல பொகையே கெடயாது டாக்டரம்மா. இவரே பிளான் போட்டு, இவரே கட்டுனது" என்றாள் லோகநாயகி. என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரே ஒரு நாள்தான் பொகை. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் நல்லா பொகைஞ்சிது."

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளிச்சம் கூசக்கூடாது என்று நர்ஸ் ஒரு பச்சைத் துணித் தடுப்பை உருட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் நிறுத்தினாள். இன்னொன்றைக் கால்மாட்டில் நிறுத்தினாள். மூன்றாவதை எடுக்கப் போகும்போது லோகநாயகி கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

"வேணாம்மா. இவரு பக்கத்துல நிக்கும்போது நாலு பக்கமும் மூடாதே. பேஜாராயிடும்."

பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, புதுக் கண்ணால் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள்.